ரெண்டு நாள் பின்லாந்து

“அங்க யாருக்கும் வேர்க்கவே வேர்க்காதாட்டி?”

“வேர்க்கும்ண்ணே. வேர்க்கணும்னே மரத்துல ஒரு ரூம் கட்டி, உள்ள அடுப்பப் போட்டு உக்காந்திருப்பாவ. நல்லா வேர்த்த பொறவு கதவத் தொறந்து ஓடிப் போயி பனியில விழுந்து உருளுவாவ.”

“துணிமணி?”

“இருக்காது.”

“அம்மாட்ட இதச் சொன்னியா?”

“கிறிஸ்மஸ் தாத்தா ஊருன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.”

எபனேசர் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. எலினா அண்ணனின் முதுகுக்குப் பின்னால் சரிந்திருந்த தலையணையைத் தூக்கி நிறுத்தினாள். இரண்டு நாளாக அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். கால்கள் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள்ளேயே ராஜபாளையத்தில் வெயில் ஏறிவிட்டது. ஓட்டுக்கூரைக்குக் கீழே மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது.

“மே மாசத்துல நாமளும் அந்த மர ரூமுலதான இருக்கோம். உருளதுக்குப் பனிதான் இல்ல” என்றான் அவன்.

“அதான் கொண்டாரேங்கேன்.”

“நீ கொண்டாந்துருவ. திங்கக்கெழம நான் சீவில்லிபுத்தூர் வரணும். அதான பேச்சு?”

“ஆமா. அதான் பேச்சு.”

“ஊரு நல்லா இருந்தா பாப்போம்” என்று சொல்லி அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எபனேசர் சுற்றுலா வேன் ஓட்டியவன். கொடைக்கானல், மூணாறு, ஊட்டி என்று ஊரிலுள்ள பாதிக் குடும்பங்களை அவன்தான் மலையேற்றி இறக்கினான். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அதிலிருந்து திங்களும் வியாழனும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், இயந்திரத்தோடு கையைக் கோத்துப் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். நாள் முழுக்கக் குடிக்க அரை லிட்டர் தண்ணீர். காலையில் அம்மா ஏசம்மாள் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தான். பக்கத்துப் படுக்கையில் கண்ணபிரான் என்றொருவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வீடு தேர் வரும் வழியிலேயே இருந்தது. “வார ஆடிப்பூரத்துக்கு வந்துரு தம்பி, எங்க வீட்டு வாசல்ல நின்னா தேரு உன் மூக்க உரசிட்டுப் போகும்” என்பார். ஆறு வருடமாக இயந்திரத்துக்கு வந்துகொண்டிருந்தவர். போன திங்கட்கிழமை அவர் படுக்கையில் வேறு யாரோ ஓர் அம்மாவின் கூடை இருந்தது. கண்ணபிரான் இறந்துவிட்டார் என்று எபனேசருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. வியாழக்கிழமை ஆட்டோ வந்து நின்றபோது எழுந்திருக்கவே இல்லை.

அம்மா காலைப் பிடித்தாள். அப்பா மில்லிலிருந்து ஷிப்டைப் பாதியில் விட்டு வந்து கெஞ்சினார். அவன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: “எல்லாரையும் ஏத்திட்டுப் போனேன். அவிய சுத்திப் பாக்கப் போவாவ, நான் ஸ்டியரிங்ல தலைய வச்சுத் தூங்குவேன். புதன்கெழம நம்ம செட்டுப் பயலுவ மணாலிக்குப் போறானுவ. ஒரு சீட்டு கேட்டிருக்கேன். ஒருக்கா பனியப் பாத்துட்டா போதும். பொறவு என்ன ஆனா என்ன.”

மணாலி வரை அவன் உயிரோடு போய்ச் சேர மாட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் எலினாவுக்கு வேறு வழி தோன்றாமல், பனி ஊரை வீட்டுக்கே கொண்டுவரும் இந்த யோசனை வந்தது. அவளுக்குத் தெரிந்த வெளிநாடுகள் எல்லாம் நூலகத்தின் மொழிபெயர்ப்பு நாவல்களில் இருந்தவை. அவற்றில் பின்லாந்தை மட்டும் அவள் மறக்கவே இல்லை. அங்கே மாதக்கணக்கில் வெளிச்சம் வராது. ஏரிகள் உறைந்து தெருவாகிவிடும். யாரும் யாரிடமும் அதிகம் பேச மாட்டார்கள், ஆனாலும் வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிட்டு சூப் கொடுப்பார்கள். திங்கட்கிழமை வரை அவனை ஏதாவதொன்றில் ஆசையோடு உட்கார வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளிடம் திட்டம் இல்லை.

“ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கவனுக்கு ஃபாரின் டூராட்டி?” என்று ஏசம்மாள் முதலில் கத்தினாள். “கதப் புஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்கும் கழண்டு போச்சு.”

“வேற என்னம்மா செய்யச் சொல்லுத? நீ சொல்லு, அதச் செய்யுதேன்.”

ஏசம்மாள் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து கேட்டாள். “அந்த ஊருல பொம்பளையாளு என்ன உடுத்துவா?”

“ஸ்வெட்டரு, குல்லா.”

பீரோவில் அடியிலிருந்து, எபனேசர் கொடைக்கானலில் வாங்கி வந்த சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கம்பளிக் குல்லாயையும் இழுத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க அவன் முன்னால் போய் நின்றாள். “திங்கக்கெழம நீ வாரன்னா, நான் வருசம் பூரா இப்படியே நிக்கேன்லே.”

“கழத்தும்மா. செத்துக்கித்துப் போயிறாத” என்றான் எபனேசர். ஆனால் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எலினா வேலையை ஆரம்பித்தாள்.

அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். கறை பட்டதென்று ஒதுக்கிய துணியில் ஒரு பெரிய சுருளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். சனிக்கிழமை பகல் முழுவதும் ஸ்டூல் போட்டு ஏறி, நான்கு சுவரையும், சன்னலையும், இரும்புப் பீரோவையும், சுவரிலிருந்த பைபிள் வசன காலண்டரையும் சேர்த்து வெள்ளையால் மூடினாள். சாயங்காலம் விளக்கைப் போட்டபோது அறை நிஜமாகவே வேறு எங்கோ இருந்தது. எபனேசர் நெடுநேரம் பார்த்தான்.

“வேன விட்டு எறங்கி நிக்க மாதிரி இருக்குட்டி” என்றான்.

சாப்பாடுதான் உதைத்தது. அந்த ஊர் மீன் சூப்புக்குப் பாலும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் வேண்டும். மூன்றும் அவனுக்கு ஆகாது. “கிட்னி போனவன் எவனும் அங்க போயிறப்பிடாதுன்னே சமைக்கான் பாரு” என்று எபனேசர் கேலி செய்தான். டயாலிசிஸ் அறை சிஸ்டருக்கு எலினா போன் செய்தாள். கிழங்கைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, இரண்டு தரம் வேகவைத்து, இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டு ரெண்டு துண்டு கொடுக்கலாம் என்றார் சிஸ்டர். பிறகு குரலை இறக்கினார். “சமையலெல்லாம் கெடக்கட்டும்மா. ஏற்கெனவே உடம்பு பூரா தண்ணி கோத்திருக்கும். திங்கக்கெழமைய விட்டுறாதீங்க. தண்ணி விசயத்துல ரொம்ப கவனம்.”

“கவனமாத்தான் இருக்கோம் சிஸ்டர்” என்றாள் எலினா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்கிரபாண்டியின் ஆட்டோவில் பனி வந்தது. மீன் மார்க்கெட் ஐஸ் கம்பெனியில் வாங்கிய முழு பார் ஐஸ், சாக்குச் சுற்றி.

“மீனு எங்கம்மா?” என்றார் உக்கிரபாண்டி, ஒரு முனையைத் தூக்கியபடி.

“மீனு இல்லண்ணே. காத்துக்கு.”

“ஏசியவிட இது சீப்புதான்.”

குளியலறையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பைக் கழுவி, அதில் ஐஸை நிறுத்தி, பின்னால் டேபிள் ஃபேனை வைத்தாள். சில்லென்ற காற்று எபனேசரின் முகத்தில் பட்டபோது அவன் வாயைத் திறந்து அதை வாங்கினான். ஐஸிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து தரையோடு போனது. அவன் கையை நீட்டி அதன் மேல் வைத்தான். எடுக்கவே இல்லை.

“விரலு வெறச்சிரும்ண்ணே.”

“வெறைக்கட்டும்.”

அம்மா ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். எலினா அடுக்களைக்குப் போய், கிழங்கின் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை ஏற்றினாள். உள்ளறையிலிருந்து கடக், கடக் என்று சத்தம் வந்தது. ஐஸ் விரிசல் விடுகிற சத்தம் என்று நினைத்தாள். உறைந்த ஏரிகள் வசந்தத்தில் இப்படித்தான் விரியும், இரவெல்லாம் ஊர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் என்று ஒரு நாவலில் படித்திருந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள். ராஜபாளையத்தில், தன் வீட்டில், ஓர் ஏரி விரிகிறது. அந்த ஒரு வாரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

சூப்போடு உள்ளே போனபோது எபனேசர் கட்டிலில் இல்லை. தரையில், டப்பைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் வேனின் பழைய ஸ்பானர் கிடந்தது. ஐஸ் பாரில் ஒரு பக்கம் குடைந்து பள்ளமாகியிருந்தது. பனியன் நெஞ்சு வரை நனைந்திருந்தது. இவ்வளவு நேரம் உருகியும் டப்பில் தண்ணீரே இல்லையே என்று ஒரு கணம் அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது.

“அண்ணே...”

“நல்லா இருக்குட்டி உன் ஊரு” என்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணில் நீர். “ரெண்டு வருசமாச்சு. தொண்ட நெறைய... ரெண்டு வருசம்.”

“எம்புட்டுக் குடிச்ச?”

“தெரியல.”

“எம்புட்டுண்ணே!”

அவன் டப்பைக் காட்டினான்.

அவள் ஐஸை அப்படியே தூக்க முயன்றாள். கனம் தாங்கவில்லை, வழுக்கியது. டப்பைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்தாள். திரும்பி வருவதற்குள் அவன் இருமத் தொடங்கியிருந்தான். அரை மணி நேரத்தில் மூச்சோடு சேர்ந்து ஏதோ கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. முன்பக்கம் குனிந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, காற்றைக் கடித்து இழுத்தான்.

“எம்புட்டுக் குடிச்சாருன்னு தெரியலயா?” சிஸ்டரின் குரல் போனில் உயர்ந்தது. “ஒடனே கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்ட்ட சொல்லி மிஷினத் தயாரா வைக்கச் சொல்லுதேன். படுக்க வைக்காதீங்க.”

உக்கிரபாண்டி வந்தார். அவரும் எலினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எபனேசர் கட்டில் காலை விடவில்லை.

“திங்கக்கெழம... தான... பேச்சு” என்றான்.

“பேச்சு இல்லண்ணே, ஒண்ணும் இல்ல. எந்திரி.”

“இன்னும்... ஒரு நாள்... இருக்கு.”

“நான் சொன்னது பூரா பொய்ண்ணே. அந்த ஊரப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நானும் பாத்ததில்ல. நீ எந்திரி, நாம ஆட்டோல போவோம், செத்த நேரந்தான்.” அவள் சன்னலை மூடிய துணியைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு பிய்ந்து வந்தது. வெயிலும் தெருச் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். “போயி... திரும்பியும்... அரை லிட்டரு. கண்ணபிரான்... ஆறு வருசம்.”

“தம்பி, நான் தூக்கிட்டுப் போயிருவேன் பாத்துக்க” என்று உக்கிரபாண்டி குனிந்தார். எபனேசர் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவரைத் தள்ளினான். தள்ளியதில் மூச்சு நின்று, மறுபடி வந்தது. உக்கிரபாண்டி பயந்து கையை எடுத்துவிட்டார்.

கோயிலிலிருந்து திரும்பிய ஏசம்மாள் வாசலிலேயே ஆட்டோவைப் பார்த்துவிட்டாள். செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். ஈரத் தரையையும் கிழிந்து தொங்கிய துணியையும் மகனின் வாயையும் பார்த்தாள். அவன் முன்னால் மண்டியிட்டு, முகத்தை இரு கையிலும் ஏந்தினாள்.

“எபி. என் ராசா. அம்மா சொல்லுதேன்லா. வா.”

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு மேலும் கீழுமாகப் போய் வந்தது. கட்டில் காலைப் பிடித்திருந்த விரல்கள் மெதுவாக விட்டன. எலினா அந்தக் கையை உடனே பற்றிக்கொண்டாள். அவன் அதை உதறவில்லை.

“வாரேன்” என்றான்.

ஏசம்மாள் வாய்விட்டு அழுதாள். உக்கிரபாண்டி ஆட்டோவைத் திருப்ப வெளியே ஓடினார்.

“வாரேன்ம்மா. அங்க வந்தா... தர மாட்டாவ.” அவன் நாக்கால் உதட்டைத் தடவினான். கண்கள் அம்மாவை விட்டு எலினாவிடம் வந்து நின்றன. “ஒரு செம்பு தண்ணி... மட்டும் குடுட்டி. குடிச்சிட்டு... வாரேன்.”