ஓடைக்கரையில் ஒன்பது நிமிடம்

ஸ்டோயானுக்கு அன்றைக்கு ஐம்பது வயது முடிந்தது. பத்தொன்பது வருடமாக ஒரு பிறந்தநாள்கூடத் தவறாமல் கோஸ்யா மலை உச்சியில் நின்றவன் அவன். மரலாரி ஓட்டுகிறவன், சாதாரணமாகப் பேசினாலே எதிர்மலைக்குக் கேட்கும். காலை ஆறரைக்கு வண்டியை நிறுத்திவிட்டுச் சறுக்குப் பலகைகளை மாட்டியபோதே, "உச்சியிலதான் கேக்கு, அதுவரைக்கும் யாரும் பையைத் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டான். தடேயாவின் பையில் அவள் சுட்ட வாதுமைப் பொட்டிட்சா, பருப்பு வைத்துச் சுருட்டிய கேக், இருந்தது.

தடேயா டவுனில் மருந்துக்கடை வைத்திருந்தாள். அவள் கணவன் க்ளெமென் கூரை வேய்கிறவன். ஸ்டோயானுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தோழன். மூவருமாகக் குளிர்காலத்தில் மலையேறிச் சறுக்கி இறங்குவது பதினோரு வருடப் பழக்கம். அவர்களுக்குள் ஒரே ஒரு பேச்சுதான்: ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் வேண்டாம். காரணம் கேட்கலாம், கெஞ்சக்கூடாது.

மூன்று நாள் பனி கொட்டி, நான்காம் நாள் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று என்று அன்றைய அறிக்கை சொன்னது. மூன்று என்றால் பாதி மலை சும்மா இருக்கும், பாதி மலை காத்திருக்கும். எந்தப் பாதி என்பதை ஏறுகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் மூவரும் நெஞ்சில் கட்டியிருந்த கருவிகளைச் சோதித்துக்கொண்டார்கள். மரங்கொத்தி என்றுதான் அங்கே அதற்குப் பெயர். பனிக்குள் புதைந்தவரின் கருவி விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினால் அதற்கு அது கேட்கும்.

பலகைகளின் அடியில் ஒட்டிய பட்டை பனியைப் பிடித்துக்கொள்ள, நாலு மணி நேரம் ஏறினார்கள். காட்டைத் தாண்டி, மேய்ச்சல் குடிசைகளைத் தாண்டி, உச்சிக்குக் கீழே இருக்கும் பெரிய கிண்ணம்போன்ற சரிவின் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தடேயா முன்னால் போனாள். பத்தடி வைத்திருப்பாள். காலுக்கடியில் ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரோ மெத்தையைத் தரையில் போட்டாற்போல. அவள் பலகையின் நுனியிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, பனிமேல் பத்துப் பதினைந்து மீட்டர் ஓடி நின்றது.

அவள் நின்றாள். பிறகு வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்கினாள்.

"எனக்கு வேண்டாம்."

"என்னது?" என்றான் ஸ்டோயான்.

"கேட்டல்ல? பனி உள்ளுக்குள்ள உக்காருது. மேல இருக்கறது அத்தனையும் காத்து அள்ளிக் கொட்டினது. நான் வரல."

"மருந்துக்கடைக்காரிக்கு எல்லாத்துக்கும் சீட்டு வேணும். மலை வந்து உனக்குச் சீட்டு எழுதித் தருமா?"

"இப்பதான் தந்துது. உனக்குப் படிக்கத் தெரியல."

ஸ்டோயான் க்ளெமெனைப் பார்த்தான். "டேய், எண்பது மீட்டர்டா! கையை நீட்டினா எட்டும். நீ சொல்லுடா."

க்ளெமென் உச்சியைப் பார்த்தான், நண்பனைப் பார்த்தான், கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டினான். அந்தச் சில விநாடிகள் தடேயாவுக்கு முள்ளாகக் குத்தின. கடைசியில், "ஒருத்தர் வேண்டாம்னா எல்லாருக்கும் வேண்டாம். அதுதானே பேச்சு," என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

திரும்பும்போது கீழிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ரியெக்கா நகரத்திலிருந்து வந்த அண்ணன் தங்கை, லோவ்ரே, டுன்யா. தடேயா கீறலைப் பற்றிச் சொன்னாள். லோவ்ரே மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "ரொம்ப நன்றிங்க. நாங்க ஓரமா, ஒவ்வொருத்தரா போய்ப் பாக்கறோம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

குடிசைகளுக்குக் கீழே, மரங்கள் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து பொட்டிட்சாவை வெட்டினார்கள். ஸ்டோயான் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடமைக்கு மென்றான். முக்கால் மணி நேரத்தில் உச்சியில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கிண்ணத்தின் நடுவே வளைந்து வளைந்து இறங்கின. ஒன்றும் நடக்கவில்லை. கூவுகிற சத்தம் மட்டும் காற்றில் வந்தது.

"பாத்தியா?" என்றான் ஸ்டோயான்.

"பாத்தேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? அது உடையலங்கறதால உடையாதுன்னு ஆயிடுமா?"

"வாயால ஜெயிக்கறதுக்கு உன்னை விட்டா ஆளில்ல. என் ஐம்பதாவது பொறந்தநாளுக்கு உன் கையால நல்ல பரிசு." எழுந்து பலகைகளை மாட்டிக்கொண்டான். யாருக்கும் காத்திராமல் இடப்பக்கம் ஓடையை நோக்கித் திரும்பினான்.

வழக்கமான வழி வலப்பக்கம், மரங்களுக்கு நடுவே. ஓடைக்கரை குறுக்குவழி. கரை என்று பார்த்தால் நாலைந்து ஆள் உயரம்தான், ஆனால் செங்குத்து. அடியில் ஓடை வாய்க்கால்போல் குறுகியிருக்கும். தடேயா அவன் திரும்புவதைப் பார்த்தாள். கூப்பிட வாய் வரை வந்தது. 'போகட்டும், அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருக்கலாம்' என்று இருந்துவிட்டாள்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. துணி கிழிவதுபோல் ஒன்று. பிறகு பொத்தென்று ஒன்று. அவள் கரைக்கு வந்து எட்டிப் பார்த்தபோது சரிவின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. கீழே ஓடை நிறையப் பனிக்கட்டிகள். ஸ்டோயான் இல்லை.

"ஸ்டோயான்!" க்ளெமென் கத்திக்கொண்டே கீழே பாய்ந்தான். கட்டிகளைக் கையால் புரட்டினான். "டேய்! ஸ்டோயான்! டேய்!"

தடேயா மணி பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "க்ளெமென், கையை எடு. மரங்கொத்தியைத் தேடறதுக்கு மாத்து. இப்பவே."

பின்னால் பலகை உரசும் சத்தம். லோவ்ரேயும் டுன்யாவும் வந்துவிட்டார்கள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க ரெண்டு பேரோடதையும் மாத்துங்க! இல்லன்னா என் கருவி உங்களைத்தான் காட்டும்," என்றாள் தடேயா.

டுன்யாவின் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. லோவ்ரே அவள் கருவியைத் தானே மாற்றிவிட்டான். தடேயா கட்டிகளின் மேல் தடுமாறி இறங்கினாள், கண் கருவி காட்டிய மீட்டர் கணக்கில். முப்பத்தொன்று. இருபத்திரண்டு. பதினாறு. இருபது. தவறான திசை. திரும்பினாள். பதினொன்று, ஆறு. கருவியைப் பனியை ஒட்டித் தாழ்த்தி முழங்காலில் ஊர்ந்தாள். ஒன்று புள்ளி நாலு. அதற்குமேல் இறங்கவில்லை.

"இங்க! கம்பி!"

க்ளெமென் மடக்குக் கம்பியை உதறி நீட்டிக் குத்தினான். ஒன்றுமில்லை. ஒரு சாண் தள்ளி. ஒன்றுமில்லை. நாலாவது குத்தில் கம்பி நின்றது. கல்லில் படுவதுபோல் இல்லை, மெத்தென்று எதிர்த்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"கம்பியை எடுக்காத. கீழ்ப்பக்கத்திலேருந்து வெட்டு. நேரா மேலேருந்து தோண்டினா அவன்மேல நாமளே நிப்போம்."

நாலு பேர், பையிலிருந்து எடுத்த நாலு பனிவாரி மண்வெட்டிகள். முன்னால் ஒருவர் வெட்ட, மற்றவர்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். கை சோர்ந்தால் இடம் மாற்றிக்கொண்டார்கள். பனி சிமெண்டுபோல் இறுகியிருந்தது. முதலில் ஒரு நீலத் தோள்பட்டை தெரிந்தது. டுன்யா வாரியைப் போட்டுவிட்டு விரலால் பறித்தாள். முகம். உதடு கத்தரிப்பூ நிறம். தடேயா வாய்க்குள் விரல் விட்டுப் பனியை வழித்தெடுத்தாள்.

"மூச்சு விடு. ஏய் மரலாரி, மூச்சு விடுடா!"

ஒரு விக்கல். பிறகு நாய் குரைப்பதுபோல் ஓர் இருமல். க்ளெமென் அப்படியே பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மணி பன்னிரண்டு ஒன்று.

ஓடைப்பள்ளத்தில் போனில் சிக்னல் இல்லை. லோவ்ரே மேட்டுக்கு ஓடி மீட்புக் குழுவை அழைத்தான். ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிடமானது. தோள் எலும்பும் இரண்டு விலாவும் முறிந்திருந்த ஸ்டோயானை எல்லோருடைய குளிர்ச்சட்டைகளாலும் சுற்றி நடுவில் வைத்துக்கொண்டார்கள். பல் கிட்டிக்க அவன் கேட்ட முதல் கேள்வி, "பொட்டிட்சா மிச்சம் இருக்கா?"

நாலாம் நாள் தடேயா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். ஸ்டோயான் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

"இல்ல."

"இன்னும் என்ன, கால்ல விழணுமா? விலா ஒட்டட்டும்."

"நான் சொன்னது பெரிய சரிவை. அது உடையவே இல்ல. உன்னை மூடினது நாலு ஆள் உயரக் கரை. அதை நான் திரும்பிக்கூடப் பாக்கல. நீ அந்தப் பக்கம் போறதைப் பாத்தேன், ஸ்டோயான். கூப்பிடல. உன்மேல கோவம்."

"கூப்பிட்டிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன்," என்றான் ஸ்டோயான்.

"அது உன் தப்பு. கூப்பிடாதது என்னுது."

"சரி. ஆளுக்கொண்ணு வச்சுப்போம்." சிரிக்கப் போய் விலா பிடித்துக்கொள்ள, முகத்தைச் சுளித்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

அந்த வாரக் கடைசியில் டுன்யா போன் செய்தாள். அவள் சரியாகத் தூங்கவில்லையாம். "அக்கா, என் கை அன்னிக்கு வேலையே செய்யலை. நான் கத்துக்கணும். எங்கேயாவது சேந்து பழகலாமா?"

மார்ச் மாதம் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சமதரைப் பனியில் ஏற்பாடு செய்த பயிற்சிக்கு ஐந்தாறு பேர் வருவார்கள் என்று தடேயா நினைத்திருந்தாள். பதினேழு பேர் வந்தார்கள். கருவிகளைப் பழைய பைகளில் வைத்துப் புதைப்பதும் தேடி எடுப்பதுமாகக் காலை போயிற்று. கையைக் கழுத்திலிருந்து கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த ஸ்டோயான் நேரம் பார்த்தான்.

"தேடவே ஆறு நிமிஷம்! செத்தே போயிருப்பேன்! இன்னொரு தடவை!"

டுன்யா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள். க்ளெமென் அடுத்த பையைப் புதைக்கக் குழி வெட்டினான், கொஞ்சம் ஆழமாகவே.