படம் பிரிக்கும் வேலை

அண்ணியை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. இருபத்திரண்டு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்றவர். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வரும். காலர், கை, பட்டன் ஓட்டை, அடித்தையல் என்று கண்ணை ஒரு ஓட்டு ஓட்டி, பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு நொடி. அங்கே அவருக்குப் பெயரே ‘கழுகு’. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. செருப்பைக் கழற்றும்போதே தன் தம்பியை, அதாவது என் கணவரைப் பார்த்து, “டேய், பாக்கெட் ஓரம் நூல் விட்டிருக்கு, கழட்டிக் குடு” என்பார்.

ஒருநாள் மேசைகளுக்கு மேலே கேமரா மாட்டினார்கள். மூன்று மாதம் அதன் கீழேயே அம்பு ஒட்டச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான்காம் மாதம் எட்டு மேசைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, ஓடும் பட்டை ஒன்றையும் அந்தக் கேமராவையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். தான் ஒட்டிய ஒவ்வொரு அம்பும் அதற்குப் பாடம் என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் குழியைத் தானே வெட்டி, மண்ணையும் சுத்தமாகக் கூட்டி வைத்த கதை.

நான் அரசின் ‘நாளைய கைகள்’ திட்டத்தில் ஒப்பந்த ஆசிரியை. இயந்திரம் வந்து வேலை போனவர்களுக்கு நாற்பது நாளில் கணினியும் செயற்கை நுண்ணறிவும் சொல்லிக்கொடுத்து, புது வேலையில் உட்கார வைக்க வேண்டும். வகுப்பு நடந்தது ஒரு பழைய தானியக் கிடங்கில். தகரக் கூரை, எலிப் புழுக்கை நாற்றம், எழுபது நாற்காலி, பதினான்கு கணினி. அதில் உயிரோடு இருந்தவை ஒன்பது. பாடப் புத்தகத்தின் அட்டையில் ஒரு இயந்திர மனிதன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தப் பெண்ணுக்கு ஆறு விரல். அதைக் கண்டுபிடித்தது அண்ணிதான், சேர்ந்த முதல் நாளே.

“என்னம்மா டீச்சர், அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர்கூடவா பாக்கல?”

நான் சிரித்து மழுப்பினேன். அந்தப் படத்தை வரைந்ததும் ஒரு இயந்திரம்தான்.

மவுஸைப் பிடிக்கவே அண்ணிக்கு ஒரு வாரம் ஆனது. தேர்வு நாளில் விடைகளை நானே பலகையில் எழுதிப் போட்டேன். எழுதச் சொன்னவர் திட்டத்தின் மேற்பார்வையாளர். எழுதிய கை என்னுடையது. எல்லோரும் தேறினார்கள். அண்ணிக்கும் இன்னும் முப்பது பேருக்கும் ஒரே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. “படம் பிரிக்கிற வேலை. உக்காந்த இடம், ஏசி. வேற என்ன வேணும்?” என்றார் மேற்பார்வையாளர். அதையே நான் அண்ணியிடம் ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன்.

இரண்டு மாதத்தில் அண்ணி மாறிப்போனார். எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தட்டில் போட்டதைப் பாதியில் மூடி வைத்தார். என் மகள் ஓடிவந்து மடியில் ஏறினால், ஒரு பார்வை பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். வயது, அசதி, புது வேலை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வேலையில் அமர்ந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

துறை இயக்குநர் அந்த நிறுவனத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. திட்டத்தின் கையேட்டுக்கு ஒரு வெற்றிக் கதையும் அட்டைப் படமும் தேவை. “உங்க நாத்தனார் அங்கதானே இருக்காங்க? லட்சணமா இருப்பாங்க, பேசவும் தெரியும்” என்றார் மேற்பார்வையாளர்.

ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வாசலிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உள்ளே கண்ணாடி முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். ஒரு பேச்சு இல்லை, விசை தட்டும் சத்தம் மட்டும். மூலையில் ஒரு மூடி போட்ட வாளி. எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஒரு பலகை: ‘இயந்திரத்தின் துல்லியம் – 91’.

இயக்குநர் கெட்ட மனிதர் போலத் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். அண்ணி பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். தளத்தின் மேலாளர் எங்களுக்கு முன்னே ஓடி, அண்ணியின் திரையில் பூப் படங்களை வரவைத்திருந்தார். செம்பருத்தி, தாமரை, மறுபடி செம்பருத்தி.

அண்ணி திரையைப் பார்த்தார்.

“இது என் வேலை இல்லையே சார். என் வேலையக் காட்டட்டுமா?”

“காட்டுங்கம்மா. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

மேலாளர் குறுக்கே கை நீட்டுவதற்குள் அண்ணி ஒரு விசையைத் தட்டிவிட்டார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதலில் வந்தது ஒரு நாய், நெருப்பு, சுற்றிலும் சிரிக்கும் முகங்கள். நான் கண்ணை மூடுவதற்குள் அண்ணி அதைத் தட்டித் தள்ளிவிட்டார். அடுத்து ஒரு தரை, அதன் மேல் ஒரு ஆள். ஆள் என்று தெரியவே எனக்கு நேரம் பிடித்தது. அண்ணிக்கு நேரம் பிடிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்பது நொடி. அடி, ரத்தம், பிணம், மிருகவதை, ஆபாசம், சரி என்று ஆறு விசைகள். ஐந்தில் எழுத்து தேய்ந்து வெறும் பிளாஸ்டிக் பளபளத்தது. ‘சரி’ மட்டும் கடையில் வாங்கியபடியே இருந்தது.

“இது என்ன படம்னு ஏற்கெனவே இயந்திரமே ஒண்ணு சொல்லிடும் சார்,” என்று அண்ணி நிதானமாக விளக்கினார். “அது சொன்னது சரியா தப்பான்னு நாங்க திருத்தணும். நாங்க திருத்தத் திருத்த அது கத்துக்கும்.”

“போதும்மா” என்றார் இயக்குநர்.

அவர் எழுந்து கழிவறைக்குப் போனார். அவர் குமட்டும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பெரிய அதிகாரி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார், இனி ஏதாவது செய்வார் என்று நினைத்தேன்.

அவர் முகம் கழுவி, தலை வாரி, வாயில் ஏலக்காய் மணக்க வந்தார். கூட வந்திருந்த புகைப்படக்காரரிடம் சொன்னார்: “அந்தப் பூவையே வெச்சு எடுத்துருங்க. செம்பருத்தி வேணாம், சிவப்பா இருக்கு. தாமரை வைங்க. அம்மா, கொஞ்சம் சிரிங்க.”

அண்ணி சிரித்தார். சட்டை செக்கிங்கில் சரக்கை எடுக்க வெளிநாட்டு ஆட்கள் வரும்போது சிரித்துப் பழகிய சிரிப்பு.

படி இறங்கும்போது இயக்குநர் மேற்பார்வையாளரிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. “எல்லாராலயும் இது முடியாது. செக்கிங்ல இருந்து வந்தவங்களா பாத்து அனுப்புங்க. அவங்களுக்குக் கண்ணு மரத்துப் போயிருக்கு.”

அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?”

“நீ கேட்டியா?”

அவரே தொடர்ந்தார். “வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. அதுகூடப் பெருசில்ல. நீ சேத்துவிட்டது. நான் பாதியில வந்தா உன் பேருல கரும்புள்ளி விழும்னு நெனச்சேன்.”

“என் பேரு நாசமாப் போகட்டும்.”

“இப்போ சொல்ற.” ஒரு சட்டையை உதறி, மடித்து, மேலே வைத்தார். “முன்னாடியெல்லாம் ஒருத்தரைப் பாத்தா சட்டையில குறை தேடுவேன். இப்போ உன் பொண்ணு ஓடிவரா. கழுத்து எங்க, கை எங்கன்னு கண்ணு தேடுது. எல்லாம் இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் அவ மூஞ்சி தெரியுது. அதான் சுவரைப் பாத்து உக்காந்துக்கறேன்.”

நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

“பலகையில தொண்ணூத்தி ஒண்ணுன்னு பாத்தியா? தொண்ணூத்தெட்டு வந்தா அந்த மாடியை மூடிருவாங்களாம். அப்புறம் என்ன, மறுபடி உன் வகுப்புக்கே வரேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதிப் பாஸ் பண்றேன்.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அங்கே போகவில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறார். “நாத்தம்தான். ஆனா பினாயில் ஊத்தினாப் போயிடுது” என்கிறார். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நான் அடித்தேன். மேற்பார்வையாளர் புதுத் தாளில் பட்டியலை முழுதாக எழுதவைத்து, அவரை மறுபடி வேலையில் அமர்த்திவிட்டார்.

அடுத்த அணி வந்தது. அறுபத்திரண்டு பேர், பாதிப் பேர் செக்கிங் பெண்கள். சுடச்சுட அச்சான கையேடு ஒவ்வொருவர் மடியிலும் இருந்தது. அட்டையில் அண்ணியும் இயக்குநரும் தாமரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வரவேற்றுப் பேசிவிட்டு, ‘இனி டீச்சர் சொல்வாங்க’ என்று உட்கார்ந்தார்.

நான் சொன்னேன். மூன்றாவது மாடி, கறுப்புத் தாள், ஒன்பது நொடி, ஆறு விசை. படத்தில் இருப்பவர் என் நாத்தனார் என்பதையும், அவர் எதைப் பார்த்து எழுந்து வந்தார் என்பதையும், சேர்த்துவிட்டது நான் என்பதையும் சொன்னேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை இருமினார். பிறகு எழுந்து வந்து மின்விசிறியையும் மைக்கையும் அணைத்தார். மைக் இல்லாமலும் என் குரல் கேட்கத்தான் செய்தது. பாதியில் கையேட்டை நாற்காலியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பத்தொன்பது பேர்.

மீதி நாற்பத்து மூன்று பேர் அசையவில்லை. போக வேறு இடம் இருந்திருந்தால் அந்தக் கிடங்குக்கே வந்திருக்க மாட்டார்கள். நான் எவ்வளவு உண்மையைக் கொட்டினாலும் அவர்கள் உட்கார்ந்துதான் இருப்பார்கள் என்பது இயக்குநருக்கும் மேற்பார்வையாளருக்கும் முன்பே தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு, அந்தத் திரையைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். விரல் நுனிகளில் இன்னும் ஸ்டிக்கர் பசையின் கறை.

“டீச்சர், குமட்டிக்கிட்டு வந்தா எந்திரிச்சுப் போக விடுவாங்களா?”

“இல்ல. வாளி ஒண்ணு வெச்சிருக்காங்க, மூலையில.”

அவள் தலையாட்டிவிட்டு, நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.