வேன் திரும்பும் இடம்

1

இந்தக் கதை பஞ்சரான ஒரு டயரில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலேயே பொய் சொன்னால், அப்புறம் நான் சொல்லப்போகிற பெரிய பொய்களை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ் ஏரிக்கரைக்குக் கீழே நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் நிழல் தேடி ஒரு சந்துக்குள் நடந்தேன். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வயல். சந்து முடிகிற இடத்தில் இருளர் குடியிருப்பு, இருபது வீடு இருக்கும். வீடுகளுக்கு முன்னால் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்க, அதன் நடுவில் மட்டும் வட்டமாக வெட்டித் துப்புரவாக வைத்திருந்தார்கள். கிரிக்கெட் ஆடுவதற்கு அந்த இடம் போதாது. கோயில் கட்டப்போகிறார்களோ என்றால் ஒரு செங்கல்கூட இல்லை. புல்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம், இது எதற்கு என்று கேட்டேன்.

"வேன் திரும்பறத்துக்கு" என்றார்.

எந்த வேன், யார் வீட்டு வேன் என்று நான் கேட்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. நான் ஓடத் திரும்பும்போது அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நடுவில் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் முயற்சி:

"வைகறைப் பொழுதில் ஏரி பொன்னாய் மின்ன, வீரம்மாள் என்னும் அந்த ஏழைத் தாய்—"

வேண்டாம். ஏழைத் தாய் என்று எழுதிய உடனே அவள் கைக்கு முந்தானை வந்துவிடும், கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். நான் பார்த்த பெண் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்து, வெயிலில் சுற்றுகிற கிறுக்கன் யாரோ என்று முடிவுகட்டினார்.

இரண்டாம் முயற்சி:

"வீரம்மாளுக்கு அந்த மஞ்சள் வேன் மேல் கோபம்."

இது நிற்கும். [நான் பார்த்த பெண் 'அவர்'. கதைக்குள் வந்த வீரம்மாள் 'அவள்'. கதைக்குள் வந்துவிட்டால் வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிடுகிறார்கள், என்ன செய்வது.]

வீரம்மாளுக்கு அந்த மஞ்சள் வேன் மேல் பல வருஷத்துக் கோபம். நடவு வயலில் குனிந்திருக்கும்போது ரோட்டில் போகும். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். இவர்கள் சந்து முனை வந்தால் நிற்காது. அங்கே ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளை யாரும் இல்லை, ஏன் நிற்கவேண்டும்? வீரம்மாளுக்கும் இது தெரியும். ஆனால் அந்த முனையில் அது வேகத்தைக்கூடக் குறைக்காமல் போவதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அவள் மகள் அனுஷா அந்தப் புழுதிக்குப் பின்னால்தான் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். இப்போது எட்டாவது முடித்திருக்கிறாள்.

3

அனுஷா ஒரு திறனறித் தேர்வு எழுதினாள். தாலுகாவிலேயே முதல் மார்க். மறுவாரம், அந்த மஞ்சள் வேனுக்குச் சொந்தக்காரரான பள்ளித் தாளாளர் தினகரன் தானே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

(தினகரனை நான் வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தங்க மோதிரம், செண்ட் வாசனை எல்லாம் தயார். ஆனால் அந்த மனிதர் முள் கிழித்த காலோடு நின்றுகொண்டு, ஃபீஸ் வேண்டாம், புத்தகம் யூனிஃபார்ம் எல்லாம் தருகிறேன், பன்னிரண்டாவது வரைக்கும் நானாச்சு என்கிறார். பஸ் ஸ்டாண்டில் இவள் போட்டோவைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆசை அவருக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். மோதிரத்தை மட்டும் கழற்றிவிட்டேன்.)

அனுஷாவின் அப்பா காசி, முள்வெட்டுக்குப் போகிறவன். தாளாளர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டான். வீரம்மாள் மட்டும் ஒன்று கேட்டாள்.

"வேன் எங்க தெருவுக்குள்ள வருமா சார்?"

"உள்ள வந்தா எங்கம்மா திரும்பும்? கால்வாய் ஓரமா ரிவர்ஸ்லயே ரோடு வரைக்கும் போவ சொல்றியா?"

"திரும்ப எடம் இர்ந்தா வருமா?"

இருந்தால் வராமல் என்ன என்று தினகரன் யோசிக்காமல் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

4

தெருவே முள்வெட்டில் இறங்கியது. அவரவர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். எவ்வளவு வெட்டவேண்டும் என்பதில்தான் தகராறு. காசி ஒரு கணக்குச் சொன்னான், பக்கத்து வீட்டு அம்முலு ஒரு கணக்குச் சொன்னாள்.

அனுஷா ரோட்டு முனைக்குப் போய் வேன் டிரைவர் ஆல்பர்ட்டை நிறுத்தி, பஞ்சாயத்துக் களத்தில் ஒரே ஒரு தடவை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பிக் காட்டச் சொன்னாள். சக்கரம் போன தடத்தின் மேலேயே நடந்து பார்த்தாள். பிறகு தடத்தை அளக்க விறகு கட்டும் நைலான் கயிறு, வட்டத்துக்கு ஒரு முளைக்குச்சி. தெருவுக்கு வந்து முளையை அடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து வட்டம் போட்டாள். சக்கரத் தடத்தைவிடப் பெரிய வட்டம்.

இவ்வளவு எதற்கு என்று காசி முணுமுணுத்தான்.

"சக்கரம் உள்ளாற போனா போதுமா நைனா? வேனோட மூக்கு வெளிய வரும் இல்ல, அது முள்ளுல இடிக்கும்."

[இந்த இடத்தில் 'அவள் கண்களில் அறிவொளி வீசியது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. இப்போது இல்லை.]

அந்த வட்டத்தை வெட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பர்ட் வேனை உள்ளே கொண்டுவந்தார். தெரு முழுக்க வெளியே நின்றது. கால்வாய் ஓரம் வரும்போது பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். வேன் வட்டத்துக்குள் நுழைந்தது, ஒடித்தது, முன்பக்க மூலை முள்ளைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நகர்ந்தது. ஒரே திருப்பு. ரிவர்ஸே போடவில்லை. ஆல்பர்ட் இறங்கி வந்து வட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, இதை அளந்தது யார் என்று கேட்டார்.

காசி மகளைத் தோளோடு பிடித்து முன்னால் தள்ளினான். வீரம்மாளுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை அளக்க என்னிடம் கயிறு இல்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது என்பார்களே, அது நிஜமாகவே குளிருகிற விஷயம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறிக்கொண்டார்கள். ஆல்பர்ட் ரோடு வரை போய் வந்து, இன்னொரு முறையும் திருப்பிக் காட்டினார்.

கதையை இங்கே முடித்திருந்தால் நான் புத்திசாலி.

5

மறுநாள் தமிழ்ச்செல்வி டீச்சர் வந்தார். அனுஷாவின் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அனுஷா அரசு மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகிவிட்டாள் என்றார். நன்றாகப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்து, அரசாங்கமே படிக்கவைக்கிற இடம். ஒன்பதாவதிலிருந்து அங்கேயே. எங்கள் ஸ்கூலிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை என்று சொல்லும்போது டீச்சரின் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது. (தினகரனுக்கு ஃப்ளெக்ஸ் ஆசை என்றால் டீச்சருக்கு இது. நியாயம் என்றால் இரண்டு பேருக்கும் நியாயம்.)

விடுதி என்றால் வேன் கிடையாது.

இப்போது நான் தனியாரா அரசா என்று ஒரு பட்டிமன்றம் வைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். இங்கிலீஷ், ஒழுக்கம், ரிசல்ட் என்று ஒரு அணி. லேப், லைப்ரரி, நம்ம வரிப்பணம் என்று ஒரு அணி. எழுதிப் பார்த்தேன், இரண்டு அணியும் ஜெயித்தது. வீரம்மாளின் சிக்கல் அதில் இல்லை. தெருவே கூலியை விட்டுவிட்டு வெட்டிய இடம் அது. மாதிரிப் பள்ளிக்குப் பெண் போனால் வேன் வராது. வராத வேனுக்கா இத்தனை பேரைக் கையைக் கிழித்துக்கொள்ள வைத்தாய் என்று யாராவது கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அதைவிட, பல வருஷமாகப் புழுதியடித்துவிட்டுப் போன வேன் நேற்றுத்தான் முதன்முதலாக அவள் வாசலில் வந்து திரும்பியது. அதை இப்போது விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி.

உத்திரமேரூர்க் கதை, குடவோலை வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அதையும் எழுதினேன்: "வீரம்மாள் இரண்டு சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டு, தெருவிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு—" அடித்துவிட்டேன். ஆயிரம் வருஷக் கல்வெட்டுக்கு என் வணக்கம். வீரம்மாள் தன் பெண்ணைக் குலுக்கிப் போடுகிற ஆள் இல்லை.

அவள் நேராகப் பெண்ணையே கேட்டாள்.

அனுஷாவுக்கு இதுவரை நான் அதிகம் பேச்சுக் கொடுக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் பிள்ளைகள் வாயைத் திறந்தால் கலெக்டர் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும், அந்தப் பயம். அவள் பின்னல் நுனியைக் கடித்தாள்.

"அந்த ஸ்கூல்ல டெலஸ்கோப் கீதாம்மா. டீச்சர் போட்டோ காட்னாங்க."

"அப்ப வேனு?"

"அது முடிஞ்ச கணக்கும்மா."

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது. அவள் பாதி ஆயுசு ஆசைப்பட்டது, இவளுக்கு முடிந்த கணக்கு. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வந்தது பெருமைதான். அது கொஞ்சம் வலித்தது, அவ்வளவே.

6

முடிவு (அ): வீரம்மாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தினகரனிடமே சேர்க்கிறாள். காலையில் வேன் வருகிறது, திரும்புகிறது, தெருவே பார்க்கிறது. பெண் ராத்திரி வீட்டில் தூங்குகிறாள். வீரம்மாள் ஜெயித்துவிட்டாள். ஆனால் படிக்கப்போவது அனுஷா. வட்டத்துக்குள் வேன் திரும்பும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எதைப் பார்க்கிறாள் என்று எழுத முயன்றேன். பேனா நகரவில்லை.

முடிவு (ஆ): வீரம்மாள் தெருவைக் கூட்டி, பெண் விடுதிக்குப் போகிறாள், வேன் வராது, என்னை மன்னிச்சிடுங்க என்கிறாள். கையில் முள் கீறல் இன்னும் ஆறாத அம்முலு கேட்கிறாள்:

"இன்னா பேசற நீ? இந்தத் தெருவுல உம் பொண்ணு ஒருத்திதான் படிப்பாளா?"

இதை எழுதிவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன். நானே கைதட்டினால் அந்த வரியைச் சந்தேகப்படவேண்டும் என்பது என் தொழில் அனுபவம். ஆனாலும் அம்முலுவின் வரியை அடிக்க மனசு வரவில்லை. இருக்கட்டும்.

முடிவு (இ): தினகரனும் தமிழ்ச்செல்வியும் ஒரே நாளில் எதிரெதிரே வந்து— இல்லை. அது சினிமா.

7

ஆக, எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். வேலிகாத்தான் ஒரு மழை பெய்தால் மறுபடி முளைக்கிற ஜாதி. நான் பார்த்த வட்டத்தில் ஒரு துளிர்கூட இல்லை. யாரோ விடாமல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேன் தினம் வருவதால் வெட்டுகிறார்களா, வராத வேனுக்காக வெட்டுகிறார்களா? தரையில் சக்கரத் தடம் இருந்ததா என்று பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். நான் வட்டத்தின் அழகைப் பார்த்தேனே ஒழிய தரையைப் பார்க்கவில்லை. எழுத்தாளன் லட்சணம் இது.

அன்று சந்தில் பார்த்த பெண் சொன்ன இன்னொரு வாக்கியத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடத் திரும்பினேன். அவர் புல்கட்டைக் கீழே இறக்கிவிட்டு, அதைச் சொல்வதற்கென்றே நிமிர்ந்து நின்று, பின்னாலிருந்து சொன்னார்:

"எம் பொண்ணு போட்ட வட்டம். எந்த வண்டி வந்தாலும் ஒரே திருப்புல திரும்பிடும்."

அவர் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் அந்தக் குரல் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஏரிக்கரைப் பக்கம் போனால், சந்துக்குள் போய், குனிந்து தரையைப் பாருங்கள். தடம் இருந்தால் கதை ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. எதுவானாலும் போகும்போது பைக்கிலோ காரிலோ போங்கள். அங்கே வண்டியைத் திருப்பிப் பார்க்காமல் வராதீர்கள்.