தட்டை ஸ்பீக்கரில் என் குரல்

என் கணவர் வின்சனின் தமையன் கனடாவிலிருந்து அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர்களும் முல்லைத்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து நின்றபோது, யாரோ கதவைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆளுயரம், இரண்டு விரல் தடிப்பு, பெட்டியே கிடையாது. உள்ளே காந்த வரிசையும் அதற்கு முன்னால் ஒரு மெல்லிய தாளும். அந்தத் தாள் முழுவதும் அதிர்ந்து பாடுமாம்.

"பேஸ் கொஞ்சம் குறைவுதான். ஆனா ட்ரெபிளைக் கேளும், றோஸ்மேரி. உச்சத்தில ஒரு குரலோடை மற்றக் குரல் ஒட்டாது," என்றார் வின்சன்.

அந்த ட்ரெபிள் வீட்டில் ஒரேயொரு கதிரைக்குத்தான் சரியாகக் கிடைக்கும். கொஞ்சம் தள்ளி இருந்தால் போச்சு. கதிரைக் கால்களைச் சுற்றி மனுசன் வெண்கட்டியால் கோடு கீறி வைத்திருந்தார்.

கோயில் பாடகர் குழுவில் உச்சத்துக்குப் போகும் குரல் என்னுடையது. நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. வருகிற ஞாயிறு திருநாள் பூசையில் தனியாகப் பாடப் பாதரிடம் கேட்டிருந்தேன். அவரும் ஓம் என்றிருந்தார். வின்சனின் தங்கை எமில்டா வழக்கமாக என் தோளோடு நின்று ஒரே மைக்கில் பாடுவாள். இந்தமுறை அவளைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டேன். தனிப்பாட்டு என்றால் தனிப்பாட்டுத்தானே.

போன வருடத் திருநாள் ஒலிப்பதிவை வின்சன் போட்டார். நான் கதிரையில் இருந்தேன். கோயில் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் எல்லோரையும் ஒரே குழம்பாக்கித்தான் ஊருக்குப் பரிமாறும். இது அப்படியில்லை. யார் மூச்சு இழுத்தது, யார் எச்சில் விழுங்கியது எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. உச்சம் வரும் இடத்தில் என் குரல் ஏறியது, கரகரத்தது, நின்றது. பாட்டு நிற்கவில்லை. எனக்குச் சற்றுப் பின்னாலிருந்து எமில்டா அதை மெல்ல வாங்கி மேலே கொண்டுபோனாள். பாட்டு கீழே இறங்கியதும் என்னிடமே தந்துவிட்டு ஒதுங்கினாள்.

மூன்று தரம் போடச் சொன்னேன். மூன்று தரமும் அவள்தான். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

எமில்டாவைக் கூப்பிட்டு அதே கதிரையில் இருத்தினேன். முழுவதையும் கேட்டாள்.

"மச்சாள், இந்த ஸ்பீக்கர் சரியில்லை. ட்ரெபிள் கூடிப்போச்சு," என்றாள்.

வின்சன் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"எத்தினை வருசமா?" என்று கேட்டேன்.

அவள் நிலத்தைப் பார்த்தாள். "ஏழு. முதல் வருசத் திருநாளுக்கு உங்களுக்குத் தடிமன், தொண்டை அடைச்சிருந்தது. அண்டைக்கு மட்டும் எண்டுதான் உச்சத்தை நான் பிடிச்சனான்."

"பிறகு?"

"அடுத்த வருசமும் தடிமன் எண்டு நினைச்சன்."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கு முன்னால நீர் நில்லும். பாதரிட்டை நான் சொல்லுறன். நான் பின்வரிசையில நிக்கிறன்."

"பின்னால நிண்டு என்ன செய்யப் போறீங்கள், மச்சாள்?"

"வாயைத் திறந்துகொண்டு நிப்பன்," என்றேன். "ஏழு வருசப் பழக்கம் இருக்கெல்லே."