நாலு மணிக்கு அணைக்கவேண்டிய உலை

1.

இந்தக் கதை ஒரு பத்திரிகைப் படத்திலிருந்து வந்தது. பொன்னாடை போர்த்திய பிரதம விருந்தினர் ஒருவர் கறுப்புக் கண்ணாடி வில்லையொன்றைக் கண்ணருகே பிடித்து, எல்லாம் தெரிவதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அதனூடாக மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. செங்கீழ்க் கதிர், அதாவது உடம்பிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் வரும் சூட்டுக் கதிர், மட்டுமே அதைக் கடந்துபோகும். சூட்டைப் படமாக்கும் கமராவுக்கான வில்லை அது. இருபது வருடமாக நக்கல் எழுதும் எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவருக்கு நானே ஒரு பெயர் வைத்து உடனே ஓர் ஆரம்பம் எழுதினேன்: 'கலாநிதி, அகில இலங்கைச் சமாதான நீதவான், தீவின் விஞ்ஞானச் சுடர் கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் அமர்ந்தபோது கதிரை…'

விட்டுவிட்டேன். கதிரை பாவம்.

2.

(மன்னாரில் இப்படியொரு கண்ணாடி ஆய்வுகூடம் கிடையாது. கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் நானே கட்டினேன். கதையில் கட்டடம் எழுப்பக் கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தகாரரைத் தேடத் தேவையில்லை.)

கொன்ஸ்ரன்ரைனைப் பணிப்பாளராக இருத்தியாயிற்று. வேலை செய்யவும் ஓர் ஆள் வேண்டுமே. றஞ்சிதாவைக் கொண்டுவந்தேன். வயது நாற்பத்தொன்று, கீரியில் மீனவக் குடும்பம். ஜேர்மேனியத்தையும் செலீனியத்தையும் காற்றகற்றிய குழாயில் அடைத்து உருக்குவாள். ஒரு பொட்டு ஈரக்காற்று புகுந்தால் போச்சு. கடல் சூழ்ந்த தீவில் இந்த வேலைக்கு வந்தவளின் பிடிவாதத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்ணாடி இறுகியபின் தட்டுப்பட்டால் பிஸ்கற் போல நொறுங்கும். ஆகவே அதைத் திரும்பவும் உலையில் வைத்து, உள்ளே நுண்ணிய பளிங்குகளை, அதாவது படிகங்களை, வளரவிடுவாள். வெடிப்பு ஓடினால் பளிங்குகள் மறிக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம் கூடிவிட்டால் அவை பெருத்துச் சூட்டுக் கதிரையே மறித்துவிடும். வில்லை குருடாகும்.

நல்ல வில்லையும் கறுப்பு. குருட்டு வில்லையும் கறுப்பு.

(இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.)

3.

அவளுக்கு ஒரு தம்பி, பஸ்ரியன். இரவில் அனுமதியில்லாமல் கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். இரண்டு தடவை பிடிபட்டவன். மூன்றாந் தடவை என்றால் வள்ளமும் போகும், அவனும் உள்ளே போவான். ஒருநாள் மத்தியானம் ஆய்வுகூடத்துக்கு வந்து வில்லையைத் தூக்கிப் பார்த்தான்.

“என்னக்கா இது, கரிபிடிச்ச தாச்சிச் சட்டி அடி மாதிரி? இதாலை என்ன தெரியும்?”

“உன்ரை உடம்புச் சூடு தெரியும். கும்மிருட்டிலையும்.”

“அது என்ரை மனிசிக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.”

“பகிடியை விடு. இதைக் கரைக் காவலரண் கமராவிலை பூட்டப் போறாங்கள்.”

அவன் வில்லையை மெதுவாக மேசையில் வைத்தான். “அப்ப என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தான் நீ இவ்வளவு நாளும் வெந்தனியோ?”

“போன வரியம் எஞ்சின் நிண்டு இழுபட்டுப்போன வள்ளத்தை நாலு நாள் தேடினவையெல்லோ? இது இருந்திருந்தா முதல் நாளே கண்டிருப்பினம்.”

“ஓம்,” என்றான் பஸ்ரியன். “மூண்டு பேர் இண்டைக்கு இருந்திருப்பாங்கள்.”

“நீ அட்டையை விட்டிடன்.”

“விட்டிட்டு? உன்ரை கண்ணாடியைத் தின்னுறதோ?”

4.

முதல் வரைவில் பஸ்ரியனைக் கடலில் தாழ்த்தினேன். அக்கா வில்லையைக் குருடாக்குகிறாள், தம்பியின் எஞ்சின் நிற்கிறது, தேடியவர்களுக்கு அவன் தெரியவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு நானே கைதட்டத் தோன்றியது.

அடுத்த நாள் கீரிக் கரையால் நடந்தேன். வீட்டுக்கு வீடு, கடலில் போனவர்களின் படத்தின் முன் மெழுகுதிரி எரிகிற கரை. அங்கே, என் கண்ணாடித் துண்டு மினுங்குவதற்காக ஓர் ஆளைக் கொன்றிருந்தேன். பணிப்பாளரின் பட்டங்களைப் பார்த்துச் சிரித்தவனின் இலட்சணம் இது. அவனைத் திருப்பி எடுத்தேன்.

இரண்டாம் வரைவில் அவள் பணிப்பாளரிடம் போகிறாள்.

“சேர், என்ரை தம்பி…”

“மிஸ், கடலிலை இருக்கிற ஒவ்வொருத்தனும் ஆரோ ஒருத்தியின்ரை தம்பிதானே?”

அந்த வரியை அடித்துவிட்டேன்.*

* கொன்ஸ்ரன்ரைன் வாயில் உண்மை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

5.

மிஞ்சியது இதுதான். புதன்கிழமை பிற்பகல், மூன்று ஐம்பது. காவலரணுக்குரிய வில்லை உலைக்குள் இருக்கிறது. நாலு மணிக்கு அணைக்கவேண்டும். ஐந்துக்கு அணைத்தாலும் ஒருவருக்கும் தெரியாது. சோதிக்கும் கருவி பழுது. படம் மங்கினால் கமராவைத்தான் திட்டுவார்கள். றஞ்சிதாவின் விரல் உலையை அணைக்கும் ஆளியில். அவள்…

இரண்டு முடிவுகளும் எனக்கு எழுதத் தெரியும். இரண்டிலும் கெட்டிக்காரனாகத் தெரிவது நான்தான். அவள் அங்கே இல்லவே இல்லை. ஆகவே எழுதமாட்டேன். ஆளியை உங்களிடம் விடுகிறேன்.

அணையுங்கள், அல்லது விடுங்கள். எதைச் செய்தாலும் ஏழு மணிக்குப் பஸ்ரியன் கடலுக்குப் போகிற வழியில் அவளுடைய படலையடியில் நின்று, “அக்கா, போட்டுவாறன்” என்பான். அவள் அவனுக்கு என்ன சொல்வாள் என்பதையும் நீங்கள்தான் எழுதவேண்டும்.