யானைக்கு ஓர் இடம்

கரமனை வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஹரிகுமார் கணினித் திரையின் முன் விரலசையாது அமர்ந்திருந்தான். அந்தப் பழைய விளையாட்டில் ஒரு குழுவுக்கு நால்வர்தாம். தலைவனுக்குத் தன் பெயரையும், மற்ற மூவருக்கு மூன்றாண்டுகளுக்கு முன் காலமான தந்தை தாணு, தாய் பார்வதியம்மாள், மனைவி உலகம்மை ஆகியோரின் பெயர்களையும் இட்டிருந்தான். தந்தையும் அவனும் சேர்ந்து தொடங்கிய ஆட்டம் அது. கடைசிக் கோட்டையைத் தாணு பார்க்காமலே போய்விட்டார். திரையிலேனும் அவரை அதனுள் கொண்டு சேர்க்க வேண்டும்.

கோட்டைக் கதவை உடைக்க யானை வேண்டும். மந்திரத்தால் யானையை அழைக்கவல்லவள் உலகம்மை ஒருத்தியே. வரும் யானைக்கோ குழுவில் ஓரிடம் காலியாக வேண்டும். தலைவனை நீக்க ஆட்டம் இடங்கொடாது. நீக்கப்பட்டவரோ திரும்பி வாரார்.

பின்னால் உள்ளி உரித்துக்கொண்டிருந்த பார்வதியம்மாள், "எதுக்குடே இப்பிடி வேர்த்து ஒழுகுது?" என்றாள்.

"ஒரு ஆளை இறக்கணும்மா. நீயா அப்பாவான்னு..."

"என்னை இறக்கு மக்களே. கிழக்கேகோட்டை பஸ்ஸுலயும் நான் நின்னுட்டுத்தானே வாறேன்."

"அத்தைய இறக்கிட்டு ஆனைய ஏத்துதீங்களா? கொள்ளாம்!" என்று உலகம்மை சிரித்தாள்.

ஹரிகுமார் சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தினான். தாயின் உருவம் கையசைத்துவிட்டுக் காட்டுவழியே மறைந்தது. வழக்கம்போல் முந்தைய பதிவின் மேலேயே ஆட்டத்தைப் பதிந்தான். யானை வந்தது, கதவு பிளந்தது. உள்ளே இன்னொரு கதவு இருந்தது. அது சாவி கேட்டது.

எஞ்சிய மூவரின் பைகளையும் துழாவினான். சாவி இல்லை. நீங்கியவர் தம் பையோடுதான் போவார்.

"சாவி யார்ட்ட இருந்துது?" என்றாள் உலகம்மை.

"அம்மாட்ட."

"என்ட்டயா? எதுக்குடே?"

"வீட்டுச் சாவி எப்பவும் உன்ட்டதானே இருக்கும். யோசிக்காம அங்கயும் உன்ட்டயே கொடுத்துட்டேன்."

எப்போதோ தனியே பதிந்துவைத்த பழைய பதிவு ஒன்றே மீதமிருந்தது. எட்டு மாதங்களுக்கு முந்தியது. அதில் உலகம்மை இல்லை. அவளை மறுபடி தேடிச் சேர்க்க வேண்டும். அகப்படுவாள் என்பதற்கும் உறுதியில்லை. அவன் கலங்கி மனைவியை நோக்கினான்.

"என்னை ஏன் பாக்கீங்க? ஒருக்கா வந்தவ இன்னொருக்கா வரமாட்டேனா? விளிச்சுப் பாருங்க."

திறந்தான். மூவர் நின்றனர், நான்காம் இடம் வெறுமையாய்க் கிடந்தது. சாவி அப்போதே தாயின் பையில்தான் இருந்தது. தந்தையை மட்டும் அவன் ஒருநாளும் இறக்கப்போவதில்லை. தன் பையிலோ இடமில்லை. ஆதலால் சாவியை அவர் பைக்கு மாற்றத் தொடங்கினான்.

உள்ளி உரித்த கை நின்றது.

"அவர்ட்டயா கொடுக்கே?" என்று பதறினாள் பார்வதியம்மாள். "அவரு எங்கயாவது மறந்து வச்சிருவாருடே!"