கடைசிப் பாட்டின் ஏழு நிமிடம்

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கிள்ளானில் தொடங்கிய 'நீலப்புகை' என்ற சைக்கடெலிக் ராக் குழுவில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் நான்கே பேர். போன மார்ச்சில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் அவர்கள் வாசித்ததை நேரடி ஆல்பமாக்கும் வேலை யுகேந்திரனிடம் வந்தது. அவர் குழுவின் இரண்டாவது கிட்டார்காரர். சுபாங் ஜெயாவில் இருந்த தன் வீட்டின் பின்னறையில் ஒலிப்பதிவுக் கருவிகள் வைத்திருந்தார்.

கடைசிப் பாட்டின் நடுவே குழுவின் முதல் கிட்டார்காரர் பரமேஸ்வரன் தனியாக வாசிக்கும் ஏழு நிமிடத்துக்காகவே பழைய ரசிகர்கள் வந்திருந்தார்கள். அன்று அவர் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மண்டபத்து இரைச்சலில் அது தெரியவில்லை. அவர் கிட்டார் மட்டும் பதிவான டிராக்கைத் தனியாகப் போட்டபோது, ஸ்வரங்கள் வழுக்கின. இரண்டு இடத்தில் நின்றே போயின.

யுகேந்திரன் மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான்காம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஏழு நிமிடத்தைத் தானே வாசித்து, பரமேஸ்வரனுடையதை எடுத்துவிட்டு அங்கே வைத்தார். நண்பனின் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டார்.

ஆல்பம் வந்தது. எழுபது வயதில் பரமேஸ்வரன் இப்படி வாசிக்கிறாரே என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படிக்கும்போது யுகேந்திரனுக்குள் முதலில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்க்கும். பிறகுதான் உறுத்தும். அந்தச் சந்தோஷத்தை நினைத்தே அவர் கூசிப்போனார்.

ஒரு ஞாயிறு காலை பரமேஸ்வரன் அவரைப் பண்டமாரானில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்தார். பரமேஸ்வரனின் மனைவி லோகேஸ்வரி டீ கொண்டுவந்து வைத்தார்.

"அன்னிக்கு சொதப்பிட்டேன்னு நெனச்சேன்டா. இனி மேடையே வேணாம்னு இருந்தேன்" என்றார் பரமேஸ்வரன். "இப்பக் கேட்டா நம்பவே முடியல. பினாங்குல கூப்பிடுறாங்க. தனியா ஒரு மணி நேரம். வரேன்னு சொல்லிட்டேன் லா!"

பினாங்கு மேடையில் அந்த விரல்கள் தடுமாறுவதை யுகேந்திரன் நினைத்துப் பார்த்தார்.

"போகாத, பரமா. அது நீ வாசிச்சது இல்ல. நான் வாசிச்சது."

பரமேஸ்வரன் கையிலெடுத்த டீயைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"என்னோடத அழிச்சிட்டியா?"

"இல்ல. போன்ல இருக்கு."

"போடு."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழு நிமிடத்தையும் முழுக்கக் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"மோசமாத்தான் இருக்கு. உன்னோடது நல்லாருக்குடா" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "அத வாசிக்கணும்னு உனக்கு ரொம்ப நாள் ஆசையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அங்கேயே பினாங்குக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னார். பிறகு, "ஆல்பத்துல உன் பேரையே போட்டுடு" என்றார்.

யுகேந்திரன் போட்டார். நடந்ததை ரசிகர்களுக்கும் எழுதினார். சிலர் திட்டினார்கள், அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பண்டமாரானுக்குப் போனார். லோகேஸ்வரி கேட்டைத் திறக்காமலே, "தூங்குறாரு அண்ணே" என்பார். உள்ளேயிருந்து கிட்டார் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொள்வார். யுகேந்திரன், "சரிம்மா, எழுந்ததும் வந்தேன்னு சொல்லு" என்று காருக்குத் திரும்புவார்.